பேருக்கு ஒரு பொருளாளர்

லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனி ஒன்றின் கணக்குப் பிரிவில் இருபத்தேழு வருடங்கள் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணியை எல்லோரும் ரசீதம்மா என்றே கூப்பிட்டார்கள். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மெக்கானிக் கிரீஸ் வாங்கிய காசைக் கேட்டு வந்து நின்றார். "ரசீது எங்க?" என்று இவர் கேட்டார். கடையில் தரவில்லை என்றார் மெக்கானிக். "அப்ப டப்பாவையாவது கொண்டாங்க." மெக்கானிக் முணுமுணுத்துக்கொண்டே போய், காலி டப்பாவில் ஒட்டியிருந்த விலைச் சீட்டைக் கறையோடு பிய்த்துக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தார். இவர் அதை ஒரு வெள்ளைத் தாளில் ஒட்டி, தேதி போட்டு, காசை எண்ணிக் கொடுத்தார். அன்று சாயங்காலத்துக்குள் பட்டறை முழுவதும் பெயர் பரவிவிட்டது. இவரும் கோபித்துக்கொள்ளவில்லை. கேட்டால் கிடைக்கிற ஒன்றைக் கேட்பதில் என்ன வெட்கம் என்பதுதான் அவர் எண்ணம்.

கம்பெனி ஒரு கட்டடத்தின் தரைக்கடியில் இருந்தது. அந்தக் கட்டடத்து லிஃப்டே மாதத்தில் நாலு நாள் ஓடாது என்பது வேறு விஷயம். ஜன்னல் கூரையை ஒட்டி மேலே இருந்ததால், அதன் வழியாகத் தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். செருப்பைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார் ரசீதம்மா. வீட்டுக்காரர் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஒரே மகள் வேலையாக வேறு ஊரில் இருந்தாள். மாடியில் நாத்தனார் தனியாக இருந்தார். அவர் ஒரு கல்லூரியில் நூலகர்.

அந்த நாத்தனார்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ரசீதம்மா துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்து, ஒரு ஃபாரத்தோடு கீழே இறங்கி வந்தார்.

"அண்ணி, ஒரு கையெழுத்து வேணும்."

"எதுக்கு?"

"எங்க காப்பகத்தை சங்கமா பதிவு பண்றோம். தலைவர் இருக்கார், செயலாளர் நான். பொருளாளர்னு ஒருத்தர் இருந்தாத்தான் பேங்க்ல கணக்கு ஆரம்பிக்க விடுவாங்களாம். பேருக்கு ஒரு பொருளாளர், அவ்வளவுதான். வேலை ஒண்ணும் கிடையாது."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ரசீதம்மா ஃபாரத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தார். பிறகு, "வருஷச் செலவு எவ்வளவு?" என்று கேட்டார்.

"செலவா? எல்லாமே சும்மாதான் ஓடுது அண்ணி. நாங்கதானே செய்யறோம்."

"சும்மா ஓடற லிஃப்டை நான் இதுவரைக்கும் பாத்ததில்ல" என்றார் ரசீதம்மா. ஆனாலும் கையெழுத்துப் போட்டார்.

அந்தக் காப்பகம் தொடங்கியது ஐந்து வருடங்களுக்கு முன்னால். நாத்தனாரின் நூலகத்துக்கு ஒரு மாணவி தன் ஆராய்ச்சிக் கட்டுரையோடு வந்து அழாத குறையாக நின்றாள். அடிக்குறிப்பில் அவள் கொடுத்திருந்த பதினொரு இணைய முகவரிகளைத் திறந்தால் ஒன்றுமே இல்லை. பதினொன்றும் ஒரே ஆளுடைய வலைப்பதிவுக்குப் போகிறவை. ஆற்று வண்டலைப் பற்றி ஒன்பது வருடம் விடாமல் எழுதிய ஓர் அம்மாள். அவர் இறந்துபோனார். சந்தா கட்ட ஆளில்லாததால் வலைப்பதிவுக்கு இடம் கொடுத்த கம்பெனி அவர் பக்கத்தை மூடிவிட்டது. ஒன்பது வருட உழைப்பு போன இடம் தெரியவில்லை.

அச்சில் வந்த புத்தகமானால் எங்காவது ஓர் அலமாரியில் ஒரு பிரதி தூசி படிந்து கிடக்கும். வலைப்பதிவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பழைய நோய்ப் பெயர்களைப் பற்றி எழுதும் டாக்டர், எடைக்கல் வரலாறு எழுதும் சுங்க அதிகாரி, பாதி நிரூபணத்தைப் போட்டுவிட்டு மீதியை யாராவது முடியுங்கள் என்று கேட்கும் கணக்காசிரியை என்று எத்தனையோ பேர் பத்திரிகைகளுக்குப் போகாமல் வலைப்பதிவிலேயே எழுதிக்கொண்டிருந்தார்கள். அவற்றையெல்லாம் நகலெடுத்து, ஒவ்வொரு பதிவுக்கும் மாறாத ஓர் எண் கொடுத்து, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கும்படி வைப்பதுதான் காப்பகத்தின் வேலை. ஓய்வுபெற்ற மண்ணியல் பேராசிரியர் ஒருவர் தலைவர். கணினி வேலை முழுவதையும் ஒரே ஒருவர் பார்த்துக்கொண்டார். பகலில் ஏதோ கம்பெனியில் வேலை, சனிக்கிழமையில் இது. எல்லோரும் அவரைக் கணினிக்காரர் என்றார்கள். இவர்களைத் தவிர வெவ்வேறு ஊர்களில் பதினோரு தன்னார்வலர்கள்.

முதல் கூட்டத்துக்கு ரசீதம்மா ஒரு புது நோட்டோடு போனார். கல்லூரி நூலகத்தின் பின்னறை. கிழிந்த புத்தகங்களுக்கு அட்டை ஒட்டும் நீள மேஜை, பசை வாசனை, நாலு நாற்காலி. பேராசிரியர் அறிவின் அழியாமை பற்றி இருபது நிமிடம் பேசினார். அவர் மூச்சு வாங்கிய இடத்தில் ரசீதம்மா நுழைந்தார்.

"சார், இதெல்லாம் எந்த கம்ப்யூட்டர்ல இருக்கு?"

"வாடகை சர்வர்லம்மா."

"வாடகையை யார் கட்டறாங்க?"

பேராசிரியர் நாத்தனாரைப் பார்த்தார். நாத்தனார் கணினிக்காரரைப் பார்த்தார். கணினிக்காரர் தன் பேனா மூடியை ரொம்பக் கவனமாகப் பார்த்தார்.

"அது... ஏதோ என் கார்டுலேந்து போயிட்டிருக்கு மேடம். பெரிய தொகையில்ல."

"எவ்வளவு?"

அவர் சொன்ன தொகையைப் பன்னிரண்டால் பெருக்கி, அதோடு இணைய முகவரிக் கட்டணத்தையும், பதிவு எண் வாங்கும் கட்டணத்தையும், இன்னோர் ஊரில் வைத்திருக்கும் நகலுக்கான வாடகையையும் கூட்டிப் பார்த்தபோது வருடத்துக்கு ரசீதம்மாவின் நாலு மாதச் சம்பளம் வந்தது. ஐந்து வருடமாக ஒரு மனிதர் மூச்சு விடாமல் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார். பேராசிரியருக்கு வாயடைத்துப் போயிற்று. அவர் வாயடைத்ததை நாத்தனார் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தாராம்.

பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சங்கத்தில் பணமில்லை. கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள அவர் தயாராக இல்லை. அப்படியானால் அது நன்கொடை. நன்கொடை என்றால் அதற்குச் சீட்டு உண்டு என்று முடிவு கட்டிய ரசீதம்மா, ஐந்து வருடத் தொகைக்கும் சேர்த்து முத்திரை குத்தி ஒரு ரசீது எழுதி அவர் சட்டைப் பையில் வைத்தார்.

அந்த ரசீது சட்டையோடு துவைக்கப் போகும் என்று யார் கண்டது? செவ்வாய்க்கிழமை மத்தியானம் ரசீதம்மா சாப்பாட்டு டப்பாவைத் திறந்த நேரத்தில் ஆபீஸ் போன் அடித்தது. ஒரு பெண் குரல்.

"ரசீதுல உங்க கையெழுத்தும் இந்த நம்பரும் இருக்கு. இந்தப் பணம் எதுக்குன்னு கொஞ்சம் சொல்ல முடியுமா? நான் அவரோட சம்சாரம் பேசறேன்."

ரசீதம்மா டப்பாவை மூடி வைத்தார். ஒரு குடும்பத்தில் நெருப்பை வைத்துவிட்டோமோ என்று பயந்துபோய், சர்வர், வண்டல் அம்மாள், எறும்பு ஆராய்ச்சி, அடிக்குறிப்பு என்று தெரிந்ததையெல்லாம் சொல்லி முடித்தார். எதிர்ப்பக்கத்தில் சிரிப்பும் அழுகையுமாக ஒரு பெருமூச்சு.

"அஞ்சு வருஷமா மாசாமாசம் ஒரே தேதியில பணம் போகுது. கேட்டா 'அது ஒண்ணுமில்ல'ம்பார். நான் வேற என்னென்னமோ நினைச்சு மனசுக்குள்ளயே வெச்சுப் புழுங்கிட்டிருந்தேங்க. மண்ணுக்கும் எறும்புக்குமா போச்சு அத்தனையும்?"

"ஆமாம்மா. இனிமே போகாது. அதுக்குத்தான் நான் வந்திருக்கேன்."

அந்த அம்மாள் போனை வைத்த பிறகுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று ரசீதம்மாவுக்கு உறைத்தது. பேருக்கு வந்தவர் வாக்குக் கொடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு பட்ஜெட் போடுவதை அவர் தன் வேலையாகவே எடுத்துக்கொண்டார். அதில் அவர் சேர்த்த ஒரு பத்தி பெரிய சண்டைக்கு வழி செய்தது. தன்னார்வலர்கள் ஒவ்வொருவரும் மாதத்தில் எத்தனை மணி நேரம், என்ன வேலை செய்கிறார்கள் என்று எழுதித் தரவேண்டும். அதைச் சந்தை விலைக்குக் கணக்குப் பார்த்து, செலவுப் பக்கத்திலும் வரவுப் பக்கத்திலும் ஒரே தொகையாகப் போடுவார்.

"நாங்க என்ன கூலிக்கா மாரடிக்கறோம்?" என்று கேட்டார் பேராசிரியர். முகம் சிவந்திருந்தது. பதினோரு பேரில் மூன்று பேர் வருத்தமாகக் கடிதம் எழுதினார்கள். அன்போடு செய்வதை மணிக்கணக்கில் அளக்கிறார்களே என்று ஒருவர் விலகியேபோனார். அது ரசீதம்மாவுக்கு வலித்தது. ஆனாலும் பத்தியை எடுக்கவில்லை.

"உங்களுக்குக் காசு குடுக்கறேன்னு நான் சொல்லல சார்" என்றார். "நாளைக்கு உங்கள்ல ஒருத்தரால வரமுடியலைன்னா அந்த வேலையை நாம வெளியில வாங்கணும். என்ன வேலை, எவ்வளவு நேரம்னே தெரியலைன்னா எதை வாங்கறது?"

பேராசிரியர் இதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் ஏழு மாதம் கழித்துக் கணினிக்காரர் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். ஆபரேஷன், தகடு, மூன்று மாதம் கையை அசைக்கக்கூடாது. நாத்தனார் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, ரசீதம்மா நோட்டைப் புரட்டினார். மாதத்துக்கு இருபத்திரண்டு மணி: நகல் சரிபார்ப்பு ஆறு, பழுது நீக்கம் ஒன்பது, புதுப் பதிவுகளை ஏற்றுவது ஏழு. அதைக் காட்டி, குழந்தை பிறந்த பிறகு வீட்டிலிருந்தே வேலை தேடிக்கொண்டிருந்த ஒரு பெண்ணை மூன்று மாதத்துக்கு அமர்த்தினார்கள். பேராசிரியர் வீடு வீடாகப் போய்த் தன் பழைய மாணவர்களிடம் அந்தப் பணத்தைத் திரட்டிக்கொண்டு வந்தார். அந்த மாதத்திலிருந்து தன் மணிக்கணக்கையும் எழுதித் தர ஆரம்பித்தார். அவர் எழுதுகிறபடி பார்த்தால் ஒரு நாளைக்கு இருபத்தாறு மணி நேரம் வரும். ரசீதம்மா அதைப் பாதியாகக் குறைத்துக்கொள்வார்.

இரண்டாவது வருடக் கடைசியில் வந்தது அந்தப் பெரிய கடிதம். நாத்தனாரும் பேராசிரியரும் ஓர் அறக்கட்டளைக்கு விண்ணப்பம் போட்டிருந்தார்கள். பதில் வரும் என்று அவர்களே நம்பவில்லை. வந்தது. எட்டு வருடச் செலவுக்குச் சமமான தொகை, இரண்டே வருடத்தில் தருகிறோம் என்று எழுதியிருந்தார்கள். நிபந்தனை ஒன்றுதான்: ஆயிரத்து இருநூறு வலைப்பதிவுகளாக இருப்பதைப் பத்தாயிரமாக்க வேண்டும், ஒலி, காணொளி எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். புது வேலைக்கு மட்டும்தான் பணம். அன்றாடச் செலவுக்குச் சல்லிக்காசு கிடையாது.

பின்னறையில் பேராசிரியர் இனிப்புப் பெட்டியைத் திறந்துவிட்டார். எல்லோருக்கும் உச்சி குளிர்ந்திருந்தது. ரசீதம்மா ஓர் இனிப்புத் துண்டை எடுத்துக்கொண்டு, "ஒரு வாரம் குடுங்க" என்றார்.

அந்த வாரம் முழுக்க மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். அடுத்த சனிக்கிழமை பலகையில் இரண்டு கோடுகள் வரைந்தார். ஒன்று வரவு. இரண்டு வருடம் மலைபோல ஏறி, மூன்றாம் வருடம் தரைக்கு விழுந்தது. இன்னொன்று வாடகையும் ஆள் மணியும். அது ஏறியது, ஏறிய இடத்திலேயே நின்றது. இப்போதைப்போல ஐந்து மடங்கு.

"மூணாவது வருஷம் இந்த இடைவெளிக்கு யார் பணம் கட்டறது?" என்று கேட்டார்.

"குழந்தை பொறக்கறதுக்கு முன்னாடியே காலேஜ் ஃபீஸுக்குக் கவலைப்படறீங்கம்மா" என்றார் பேராசிரியர்.

"பொறக்கப்போறது ஒண்ணு இல்ல சார். கிட்டத்தட்ட ஒம்பதாயிரம்."

கணினிக்காரர் சிரித்துவிட்டார். நாத்தனார் சிரிக்கவில்லை. முகம் தொங்கிப்போயிருந்தது. அந்த விண்ணப்பத்தை அவர் நாலு மாதம் உட்கார்ந்து எழுதியிருந்தார்.

"அண்ணி, இவ்வளவு பெரிய பணம் நம்ம வாசலுக்கு இனிமே வராது. வேண்டாம்னு சொல்லச் சொல்றீங்களா?"

"வேண்டாம்னு சொல்லல. இப்படி வேண்டாம்னு சொல்றேன்."

"கேட்டதைக் குடுக்கறவங்ககிட்ட போய்ப் பேரம் பேசுவாங்களா யாராவது?"

அன்று வீடு திரும்பும்போது இருவரும் ஒரே பஸ்ஸில்தான் வந்தார்கள். முன்சீட்டில் ஒருவர், கடைசிச் சீட்டில் ஒருவர். பத்து நாள் நாத்தனார் மாடியிலிருந்து இறங்கவே இல்லை. நடுவில் மாட்டிக்கொண்டவர் வீட்டுக்காரர். தங்கச்சிக்குப் பரிந்து பேசினால் கீழே குழம்பில் உப்பு இருக்காது, மனைவிக்குப் பரிந்து பேசினால் மேலே கதவு திறக்காது. "நீங்க ரெண்டு பேரும் சம்பளம் வாங்கற இடத்துலகூட இவ்வளவு சண்டை போட மாட்டீங்களே" என்று புலம்பிவிட்டுக் கடைக்குப் போய்விடுவார்.

கடைசியில் கமிட்டி ஒரு முடிவுக்கு வந்தது. பதில் கடிதம் எழுதுவதற்கு முன்னால் அறக்கட்டளையோடு ஒரு தடவை பேசிப் பார்ப்பது. பேசுகிறவர் ரசீதம்மாவாகவே இருக்கட்டும். அவருக்கு அந்த மாதிரிப் பெரிய இடங்களோடு பேசிப் பழக்கமில்லை. கம்பெனியில் தன் மேஜையிலிருந்தே போன் செய்தார். மேலே ஜன்னலில் கால்கள் போய்க்கொண்டிருந்தன. எடுத்தவர் ஒரு பெண் அதிகாரி.

"எங்களுக்கு நீங்க குடுக்கறதுல அஞ்சுல ஒரு பங்கு போதுங்க" என்றார் ரசீதம்மா.

"என்ன சொன்னீங்க? லைன் சரியில்லன்னு நினைக்கறேன்."

ரசீதம்மா மறுபடியும் சொன்னார். ஒரு தடவை வருகிற பணத்தை ஒரு தடவையில் முடிகிற வேலைக்குத்தான் செலவு செய்ய முடியும். அப்படிப்பட்ட வேலை காப்பகத்தில் நிறைய இருக்கிறது. ஒரே படம் ஏழு அளவில் ஏழு தடவை கிடக்கிறது, அதைக் களையலாம். அதிகம் பேர் பார்க்காத பதிவுகளை வாடகை குறைந்த இடத்துக்கு மாற்றலாம். தூரத்து நூலகங்கள் இரண்டில் முழு நகல் வைக்கலாம். இவ்வளவும் முடிந்தால் வருடச் செலவில் மூன்றில் ஒரு பங்கு என்றைக்கும் குறைந்துவிடும். புதுப் பதிவுகளை அதற்கப்புறம் மெதுவாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

"எங்க விதியில 'புது வேலை'ன்னுதான் இருக்கு" என்றார் அதிகாரி. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆனா நீங்க சொல்றது எனக்குப் புரியுது. நாங்க குடுத்துக் கட்டினதுல பாதி, அஞ்சு வருஷத்துல பூட்டிக் கிடக்கு. அதை நாங்க அறிக்கையில போடறதில்ல" என்றார்.

அந்தத் தடவை பணம் கிடைக்கவில்லை. விதி விதிதான். பெரிய தொகை இன்னொரு சங்கத்துக்குப் போயிற்று. நாத்தனார் "பாத்தீங்களா?" என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்காமல் இருந்ததுதான் ரசீதம்மாவை அதிகமாகக் குத்தியது. எட்டு வருடச் செலவைத் தட்டிவிட்டவள் என்ற பெயர் தன்னோடு நின்றுவிடுமோ என்று சில நாள் சோறு இறங்கவில்லை அவருக்கு. எட்டு மாதம் கழித்து அந்த அதிகாரியே தேடிப் பிடித்து வேறொரு தலைப்பில் விண்ணப்பிக்கச் சொன்னார். கேட்ட ஐந்தில் ஒரு பங்கிலும் கொஞ்சம் வெட்டித்தான் வந்தது. வேலை நடந்தது. ஏழு அளவுப் படங்கள் ஒன்றாகின, வாடகை இறங்கியது.

மிச்சமிருந்த வருடச் செலவுக்கு என்ன வழி? ரசீதம்மா நூற்றுநாற்பது நூலகங்களுக்கு நன்கொடை கேட்டுக் கடிதம் போட்டார். ஒன்பது பதில் வந்தது. ஏழு பேர் பாராட்டியிருந்தார்கள். இரண்டு பேர் இனிமேல் கடிதம் அனுப்பவேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். காசு வரவில்லை.

அந்தக் கடிதத்தின் நகல் சாப்பாட்டு மேஜையில் கிடந்ததை நாத்தனார் பார்த்துவிட்டார். அதற்குள் அவர் கீழே வந்து போக ஆரம்பித்திருந்தார். ஆனாலும் காப்பகப் பேச்சை மட்டும் வீட்டில் எடுப்பதில்லை. அன்றைக்கு நின்றவாக்கிலேயே படித்துவிட்டுச் சிரித்தார்.

"என்ன சிரிப்பு?"

"இத்தனை நாளா கணக்கு எழுதறீங்களே அண்ணி, இது தெரியலையா? நூலக பட்ஜெட்ல நன்கொடைன்னு ஒரு தலைப்பே கிடையாது. குடுக்கணும்னு நினைச்சாலும் எதுல எழுதுவேன்? சந்தான்னு ஒரு பில் அனுப்புங்க. கண்ணை மூடிட்டுக் கையெழுத்துப் போடுவோம்."

ரசீதம்மா வாயைப் பிளந்து அவரைப் பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காரு. எவ்வளவு போடலாம் சொல்லு" என்றார். இருவரும் அந்த மேஜையிலேயே உட்கார்ந்து நூலகத்தின் அளவைப் பார்த்து மூன்று விலை வைத்தார்கள். சின்ன நூலகத்துக்கு வருடத்தில் இரண்டு புத்தகத்தின் விலை. சந்தா கட்டினாலும் கட்டாவிட்டாலும் படிக்கிறவர்களுக்கு இலவசம்தான் என்பதையும் மறைக்காமல் எழுதினார்கள். "அப்படி எழுதினா யார் கட்டுவாங்க?" என்று வீட்டுக்காரர் கேட்டார். "நூலகர் கட்டுவாங்கண்ணா. எங்க கிட்ட வந்து அழறவங்களை எங்களுக்குத்தானே தெரியும்" என்றார் நாத்தனார்.

முதல் வருடம் பத்தொன்பது நூலகங்கள் கட்டின. அடுத்த வருடம் முப்பத்துநாலு. அதற்கடுத்து ஐம்பத்திரண்டு. வாழ்நாளெல்லாம் பிறரிடம் சீட்டுக் கேட்டவர் இப்போது சீட்டு எழுதியே கை வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டார். பட்டறையில் இதைக் கேள்விப்பட்டவர்களுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். ஒரு வருடச் செலவு முழுவதும் பேங்கில் தொடாமல் கிடக்கவேண்டும் என்று சங்க விதியில் ரசீதம்மா எழுத வைத்தார். என்றைக்காவது காப்பகத்தை மூடவேண்டி வந்தால், எல்லாவற்றையும் ஒழுங்காக இன்னொரு நூலகத்துக்கு ஒப்படைக்க எவ்வளவு ஆகும் என்று கணக்குப் பார்த்து அதற்கும் தனியாகப் பணம் ஒதுக்கினார். அந்த வரிக்கு மட்டும் பேராசிரியர் கடைசிவரை சம்மதிக்கவில்லை. கையெழுத்துப் போட்டார், ஆனால் அந்தப் பக்கத்தைப் பார்க்காமல் போட்டார்.

இன்னொரு விதியும் ரசீதம்மாவே கொண்டுவந்ததுதான். யாரும் ஆறு வருடத்துக்குமேல் பொருளாளராக இருக்கக்கூடாது. ஒருவர் தலையிலேயே எல்லாம் இருந்தால் என்ன ஆகும் என்று கணினிக்காரர் விஷயத்தில் பார்த்தாகிவிட்டதே. ஆறாவது வருடம் முடிந்தபோது நாத்தனார், "விதியைக் கொஞ்சம் திருத்திக்கலாமே" என்றார். "எழுதினவளே அழிக்கலாமா?" என்று சொல்லி ரசீதம்மா, மருந்துக்கடை வைத்திருந்த ஒருவரிடம் நோட்டுகளையும் முத்திரையையும் ஒப்படைத்தார். வண்ண வண்ணமாகக் கட்டம் போட்டுக் கணக்கு எழுதுகிறவர் அவர். ரசீதம்மாவுக்கு அந்த வண்ணங்களைப் பார்த்தால் கண் கூசும். ஆனாலும் அதில் தலையிடுவதில்லை என்று வைத்துக்கொண்டார்.

வெறும் உறுப்பினராக அவர் போன இரண்டாவது கூட்டத்திலேயே சோதனை வந்துவிட்டது. வலைப்பதிவு நடத்த இடம் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு சின்ன நிறுவனம் ஆறு வாரத்தில் மூடப்போவதாக அறிவித்திருந்தது. அதில் முந்நூறு ஆராய்ச்சிப் பதிவுகள். எடுத்து வைக்க ஆள் வேண்டும், இடம் வேண்டும். தொடக்கூடாத பணத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கை எடுக்கலாம் என்றார் மருந்துக்கடைக்காரர்.

"அது எதுக்கு வெச்ச பணம்னு தெரியுமில்ல?" என்றார் ரசீதம்மா. குரல் அவர் நினைத்ததைவிடக் கூர்மையாக வந்தது.

"தெரியும்மா. மழைநாளுக்கு வெச்சது. இன்னிக்கு மழை பெய்யுதுன்னு நான் நினைக்கறேன்."

வாக்கெடுப்பில் எதிராகக் கை தூக்கியவர் ரசீதம்மா ஒருவர்தான். வீட்டுக்கு வந்து, "என் கண்ணு முன்னாடியே கரைக்கப்போறாங்க" என்று வீட்டுக்காரரிடம் புலம்பினார். ஆனால் முந்நூற்றில் இருநூற்றுத் தொண்ணூற்றாறு பிழைத்தன. எழுதியவர்களே தாங்கள் வேலை பார்க்கும் கல்லூரிகளில் சொல்லி, அந்த வருடமே புதிதாக இருபத்தொரு நூலகங்கள் சந்தா கட்டின. எடுத்த பணம் பதினாலு மாதத்தில் திரும்பிவிட்டது. ஆண்டுக் கூட்டத்தில் ரசீதம்மா எழுந்து நின்று, "அன்னிக்கு நான் சொன்னது தப்பு, அவர் செஞ்சது சரி. இதைக் குறிப்புல எழுதிக்கோங்க" என்றார். மருந்துக்கடைக்காரருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. நாத்தனார் அதை வார்த்தை மாறாமல் குறிப்பில் எழுதிக்கொண்டார்.

இப்போது அவர் கம்பெனியிலிருந்து ஓய்வுபெற்றுவிட்டார். சனிக்கிழமை மத்தியானங்களில் பின்னறைக்குப் போய், நகலெடுத்த பதிவுகளில் படமும் எழுத்தும் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கிற வேலையைச் செய்கிறார். மற்றவர்கள் ஒரு மணி நேரத்தில் நாற்பது பதிவு பார்த்துவிடுவார்கள். படம் வந்தால் சரி, அடுத்தது. ரசீதம்மா ஆறேழு பார்த்தாலே அதிகம். முழுவதும் படித்துவிடுகிறாரே. புரியாத இடத்தில் நிறுத்திப் பேராசிரியரைக் கேட்பார். பேராசிரியருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

போன சனிக்கிழமை கடையை மூடிவிட்டு வீட்டுக்காரர் போன் செய்தார். பஸ் நிறுத்தத்தில் காத்திருக்கிறாராம், வருவதற்கு இன்னும் எவ்வளவு நேரமாகும் என்று கேட்டார். ரசீதம்மா அப்போது ஒரு பாறையிடுக்கில் வாழும் எறும்புக் கூட்டம் பழைய கூட்டைவிட்டுப் புது இடம் தேடுவது பற்றிப் படித்துக்கொண்டிருந்தார். மொத்தம் பதினெட்டுப் படம். பதினொன்றாவதில் இருந்தார்.

"நீங்க போங்க" என்றார். "ராணியை இப்பத்தான் தூக்கியிருக்காங்க. குடிபோய்ச் சேர இன்னும் அரை மணியாவது ஆகும்."